சிறிய ஜோடியைத் தள்ளுவதா, ஏற்பதா? போக்கர் கேள்வி–பதில்

கேள்வி: போட்டி முடிவை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், எட்டுப் பேர் அமர்ந்த மேசையில் நான் பட்டன் இடத்தில் (சீட்டுப் பங்கிடுபவரின் இடத்தில்) இருந்தேன். என்னிடம் 18 பெரிய பிளைண்டு (சீட்டுப் பார்க்கும் முன்பே போட வேண்டிய கட்டாயப் பந்தயம்) அளவுக்குச் சிப்புகள் இருந்தன. முதலில் பேச வேண்டியவர் தம்மிடம் இருந்த 20 பிளைண்டையும் ஒரேயடியாக ஆல்-இன் போட்டார். நடுவில் இருந்தவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள். என் கையில் இரண்டு நான்குகள். ஜோடி இருக்கிறதே என்று நானும் அந்தப் பந்தயத்தை ஏற்றேன். அவர் இரண்டு ஒன்பதுகளைக் காட்டினார், நான் வெளியேறினேன். இது கெட்ட நேரமா, கெட்ட முடிவா?
– வாசகர், லண்டன்

பதில்: முடிவுதான் தவறு. அந்த இடத்திலிருந்து 20 பிளைண்டைத் தள்ளுகிற (அதாவது ஆல்-இன் போடுகிற) ஒருவர் எந்தெந்தச் சீட்டுகளை வைத்திருக்கக்கூடும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். அவர் ஏழு ஜோடி (அதாவது இரண்டு ஏழுகள்) முதல் ஏஸ் ஜோடி வரையும், ஏஸ்–ராஜா, ஏஸ்–ராணி ஆகிய இரண்டையும் கொண்டு தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஒரு ஜோடியும் 6 விதமாகக் கைக்கு வரலாம். ஏஸ்–ராஜா போன்ற ஜோடியல்லாத இணை 16 விதமாக வரலாம். அப்படியானால் அந்த எட்டு ஜோடிகளும் 48 விதம், மற்ற இரண்டும் சேர்ந்து 32 விதம். பெரிய ஜோடியை எதிர்கொள்ளும்போது உங்கள் நான்குகள் ஏறத்தாழ 19 சதவீதமே வெல்லும்; ஏஸ்–ராஜா, ஏஸ்–ராணிக்கு எதிராக ஏறத்தாழ 54 சதவீதம் வெல்லும். இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் கிடைப்பது 33 சதவீதம்தான்.

இனி, ஏற்பதற்கு எவ்வளவு வேண்டும்? நீங்கள் போடுவது 18 பிளைண்டு. எதிராளி போட்டதில் உங்களுக்கு எதிரே நிற்பதும் 18. சிறிய பிளைண்டு, பெரிய பிளைண்டு, ஆன்டி (கைக்கு முன் போடும் சிறு கட்டாயத் தொகை) எல்லாம் சேர்ந்து இரண்டரை. ஆக மொத்தம் 38.5 பிளைண்டுக்காக 18ஐப் போடுகிறீர்கள். லாபமோ நட்டமோ இல்லாமல் தப்பிக்கவே 47 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். இருப்பதோ 33. ஒவ்வொரு முறை இப்படி ஏற்கும்போதும் சராசரியாக ஐந்து பிளைண்டுக்கு மேல் கைவிட்டுப் போகிறது. ஒன்பதுக்குப் பதிலாக அவர் ஏஸ்–ராணியைக் காட்டி, நீங்கள் வென்றிருந்தாலும் இந்தக் கணக்கு மாறியிருக்காது.

இதே நான்குகளை நீங்களே முதலில் தள்ளும் நிலை முற்றிலும் வேறு. உங்களிடம் 10 பிளைண்டு இருக்கிறது, பட்டனில் இருக்கிறீர்கள், உங்களுக்கு முன்னால் எல்லோரும் விலகிவிட்டார்கள் என்று கொள்ளுங்கள். மிச்சம் இருக்கும் இருவரில் ஒருவர் ஏற்பதற்கான வாய்ப்பு 30 சதவீதம் என்றும், ஏற்கப்பட்டால் நீங்கள் வெல்வது 42 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், 70 சதவீத நேரம் சண்டையே இல்லாமல் இரண்டரை பிளைண்டு வந்து சேர்கிறது. ஏற்கப்படும் 30 சதவீதத்தில் சராசரியாக ஒரு பிளைண்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இழக்கிறீர்கள். எல்லாம் கழித்துப் பார்த்தால் ஒன்றரை பிளைண்டுக்கு அருகில் லாபம். தள்ளுகிறவருக்கு வெல்ல இரண்டு வழிகள் உண்டு: எதிராளிகள் விலகலாம், அல்லது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கப்படும் பொதுச் சீட்டுகள் ஐந்தும் விழுந்த பிறகு ஜோடி தாக்குப்பிடிக்கலாம். ஏற்கிறவருக்கு இரண்டாவது வழி மட்டுமே மிஞ்சுகிறது. போட்டியின் பிற்பகுதியில் சிறிய ஜோடியைப் பற்றி நான் சொல்ல விரும்புவது அனைத்தும் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு ஜோடி (அதாவது இரண்டு 2கள்), மூன்று ஜோடி ஆகியவற்றை ஆறு ஜோடியோடு ஒன்றாக நினைக்காதீர்கள். பொதுச் சீட்டுகளில் இரண்டு ஒன்பதும் இரண்டு ஐந்தும் விழுந்துவிட்டால், கையில் உள்ள இரண்டு ஜோடிக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும். எதிராளியிடம் ஓர் ஏஸ் இருந்தாலே அவர் வென்றுவிடுவார். ஒரே இனத்து ஜாக்கி–பத்து கூட, எல்லாச் சீட்டும் விழும்வரை ஆடினால், இரண்டு ஜோடியைவிடச் சற்றே முன்னால் நிற்கிறது. ஜோடி என்ற பெயர் இருப்பதாலேயே அது ‘ஜெயித்திருக்கும் கை’ ஆகிவிடாது.

கேள்வி: தள்ளவும் வேண்டாம், விலகவும் வேண்டாம், யாராவது பந்தயத்தை உயர்த்தினால் அதை மட்டும் ஏற்று, ஃப்ளாப்பில் (முதலில் திறக்கப்படும் மூன்று பொதுச் சீட்டுகளில்) என் ஜோடிக்கு மூன்றாவது சீட்டு வருகிறதா என்று பார்க்கலாமே?
– வாசகர், டொராண்டோ

பதில்: எல்லோரிடமும் 100 பிளைண்டு இருக்கும் தொடக்க நேரத்தில் தாராளமாகப் பார்க்கலாம். கடைசிக் கட்டத்தில் கணக்கு ஒத்துவராது. ஃப்ளாப்பில் செட் (ஜோடியோடு அதே எண்ணில் மூன்றாவது சீட்டு) அமைவது 8.5 முறைக்கு ஒருமுறைதான். உங்களிடம் 22 பிளைண்டு இருக்கும்போது 2.2 கொடுத்துப் பார்த்தால், செலவை மட்டும் ஈடுகட்டவே, செட் விழும் ஒவ்வொரு முறையும் 18 பிளைண்டுக்கு மேல் கிடைக்க வேண்டும். அதாவது மிச்சமிருப்பதில் பெரும் பகுதியை ஒவ்வொரு தடவையும் எதிராளி உங்களிடம் தந்துவிட வேண்டும். அவர் ஏஸ்–ராஜாவோடு உயர்த்தியிருந்தால் மூன்றில் இரண்டு முறை அவருக்கே ஃப்ளாப்பில் ஜோடி அமையாது. ஒரு பந்தயம் போட்டுப் பார்த்துவிட்டு விலகிவிடுவார். உங்கள் செட்டுக்கு விலை கொடுக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

பெரிய பிளைண்டில் அமர்ந்திருக்கும்போது மட்டும் இது பொருந்தாது. அங்கே ஒரு பிளைண்டை ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள், எதிராளி 2.2க்கு உயர்த்தினால் கூடுதலாக 1.2 மட்டும் போட்டு, 4.7 இருக்கும் தொகைக்குப் போட்டியிடுகிறீர்கள். அதைக் கொடுப்பது சரி. 12 பிளைண்டு அளவில் இருக்கிறீர்கள், பட்டனிலிருந்து அடிக்கடி உயர்த்துகிற ஒருவர் உயர்த்துகிறார் என்றால், வெறுமனே ஏற்காமல் முழுவதையும் திருப்பித் தள்ளுவது பெரும்பாலும் அதைவிட நல்லது.

கேள்வி: நான்கு பேர் மிச்சம், மூவருக்குப் பரிசு. எதிராளி ஆல்-இன் போட்டபோது அவர் சீட்டு தவறிக் கவிழ்ந்து ஏஸ்–ராஜா தெரிந்துவிட்டது. என்னிடம் இரண்டு ஐந்துகள். ஏற்றிருக்க வேண்டாமா?
– வாசகர், சிட்னி

பதில்: சிப்புகளை மட்டும் எண்ணினால் ஏற்கத் தோன்றும், 54, 55 சதவீதம் உங்கள் பக்கம். ஆனால் பரிசுப் போட்டியில் சிப்பு வேறு, பணம் வேறு. நால்வரிடமும் சமமாகச் சிப்புகள் இருக்கின்றன, பரிசுகள் 50, 30, 20 சதவீதம் என்று கொள்வோம். இப்போது ஒவ்வொருவர் பங்கின் மதிப்பும் பரிசுத் தொகையில் 25 சதவீதம். ஏற்று வென்றால் உங்கள் சிப்புகள் இரண்டு மடங்காகும். ஆனால் முதலிடம் இன்னும் உறுதியாகாததால், ஆட்டக்காரர்கள் ஐசிஎம் என்று சொல்லும் கணக்கின்படி உங்கள் பங்கு 38.3 சதவீதமாகத்தான் உயரும். தோற்றால் பூஜ்யம். 38.3 கிடைப்பதற்காக 25ஐப் பணயம் வைக்கிறீர்கள். அதற்கு 65 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். மேசையில் கிடக்கும் பிளைண்டுகள் அதைச் சற்றுக் குறைக்குமே தவிர, 55க்குக் கொண்டுவந்துவிடாது. எதிராளியின் சீட்டையே கண்ணால் கண்டும் விலக வேண்டிய இடம் இது. அங்கே உங்களை இழுத்த ஆசை எனக்குப் புரிகிறது, அதற்கு இணங்காதீர்கள்.

இதே கணக்கு உங்களுக்குச் சாதகமாகத் திரும்பும் இடமும் உண்டு. மேசையில் அதிகச் சிப்பு உங்களிடம் இருந்து, நீங்கள் முதலில் தள்ளினால், மற்றவர்கள்தான் அந்த 65 சதவீதத்தைத் தேட வேண்டியிருக்கும். ஏஸ்–ராணியை வைத்திருப்பவர்கூட விலக நேரிடும். பரிசு எல்லைக்கு முன்னால் சிறிய ஜோடி பெரிய சிப்புக் குவியலின் கையில் எவ்வளவு வலுவாகிறதோ, ஏற்க வேண்டியவர் கையில் அவ்வளவு பலவீனமாகிறது.

கேள்வி: 2009ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை ஜோ காடா சின்ன ஜோடிகளை வைத்துத்தானே வென்றார்?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: ஆம், அந்த ஆண்டு லாஸ் வேகாஸில் 6,494 பேர் கலந்துகொண்ட போட்டியை 21 வயதில் அவர் வென்றார். இறுதி மேசையில் ஜெஃப் ஷுல்மனின் ஜாக்கி ஜோடிக்கு எதிராக அவரிடம் மூன்று ஜோடி இருந்தது. மூவர் மிச்சமிருந்தபோது அந்துவான் சவூவின் ராணி ஜோடிக்கு எதிராக இரண்டு ஜோடி இருந்தது. இரண்டு முறையும் செட் விழுந்தது. ஆனால் அந்த இரண்டையும் சேர்த்து வெல்ல ஏறக்குறைய 28இல் ஒரு வாய்ப்புதான். பிறகு இதே சவூ எட்டு ஜோடியுடன் காடாவின் ஏஸ்–ராஜாவைச் சந்தித்து, கடைசிச் சீட்டாக ராஜா விழுந்து வெளியேறினார். காடாவின் ஆட்டத்தில் படிக்க வேண்டியது ஏராளம். ஜோடி எத்தனை முறை தாங்கும் என்பதை மட்டும் அந்த இரண்டு கைகளிலிருந்து கற்காதீர்கள்.

கேள்வி: கடைசியில் இருவர் மட்டும் எஞ்சும்போதும் ஏற்கக் கூடாதா?
– அதே வாசகர்

பதில்: அப்போது தாராளமாக ஏற்கலாம். இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதியாகிவிட்டதால், மேலே சொன்ன பரிசுக் கணக்கின் சுமை நீங்கி, சிப்பு மறுபடியும் சிப்பாகவே மதிப்புப் பெறுகிறது. எதிராளி தள்ளும் கைகளும் மிக விரிவாகிவிடுகின்றன. ஏதோ ஒரு கைக்கு எதிராக இரண்டு ஜோடி 50 சதவீதத்தைச் சற்றே தாண்டும், நான்கு ஜோடி 57, ஐந்து ஜோடி 60 சதவீதம் வெல்லும். உங்களில் குறைவாக வைத்திருப்பவரிடம் 10 பிளைண்டுதான் இருக்கிறது, எதிராளி தள்ளுகிறார் என்றால், எந்த ஜோடியானாலும் ஏற்றுவிடுங்கள்.