ஞாபகம் திரும்பவில்லை, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. அல்சைமர் நோய்க்கு ஆறு மாதமாக டோனெபெசில் 10 மி.கி. கொடுக்கிறோம். ஞாபகம் திரும்பவே இல்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது. சிறுநீர் அடிக்கடி போகிறது என்று இன்னொரு டாக்டர் ஆக்ஸிபியூட்டினின் எழுதிக் கொடுத்தார். டோனெபெசிலை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். எனக்கு முதல் சந்தேகம் ஆக்ஸிபியூட்டினின் மேல்தான்.

நினைவாற்றலுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் இந்த நோயில் குறைந்துகொண்டே போகும். மிச்சமிருப்பது சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்வதுதான் டோனெபெசிலின் வேலை. ஆக்ஸிபியூட்டினினோ அதே அசிட்டைல்கோலினைத் தன் வேலையைச் செய்யவிடாது. சிறுநீர்ப்பையோடு நிற்காமல் மூளைக்கும் போகும். ஒருவர் குடத்தில் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் அடியில் ஓட்டை போடுகிற கதை. இதில் வேடிக்கை, சிறுநீர்த் தொந்தரவையே டோனெபெசில் கிளப்பியிருக்கலாம். அது எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பாருங்கள். சளிக்குத் தரும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் இப்படித்தான் குறுக்கே நிற்கும்.

சரி, மருந்து வேலை செய்கிறதா? போன ஞாபகத்தை இது மீட்டுத் தராது. இதை மருந்து எழுதும்போதே நாங்கள் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். தானாகக் குளிக்கிறாரா, உடை மாற்றுகிறாரா, பேச்சைத் தொடர்ந்து பிடிக்கிறாரா? ஆறு மாதத்துக்கு முன்பு இருந்த மாதிரியே இருந்தால், அதுவே இந்த நோயில் லாபம்.

சாப்பாடு குறைந்ததை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். எடை பாருங்கள். டோனெபெசிலால் வரும் குமட்டல், பேதி பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். எடை இறங்கிக்கொண்டே போனால் 5 மி.கி.க்குக் குறைக்கலாம், அல்லது தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின் என்ற அதே வகை மருந்துப் பட்டைக்கு மாற்றலாம். தலைசுற்றி விழுந்தாலோ நாடி மெதுவாக அடித்தாலோ உடனே காட்டி ஈசிஜி எடுக்க வேண்டும்.

நோய் நடுக்கட்டத்தைத் தாண்டியிருந்தால் மெமான்டின் என்ற மருந்தையும் சேர்க்கலாம். அது குளூட்டமேட் என்ற வேறொரு ரசாயனத்தின் வழியாக வேலை செய்வதால் டோனெபெசிலோடு மோதாது. லெக்கனிமாப், டோனனிமாப் என்ற புதிய ஊசிகள் நோயின் தொடக்கக் கட்டத்துக்கு மட்டுமே. அவையும் சரிவை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. மூளை வீக்கம், ரத்தக்கசிவு வருகிறதா என்று அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்தாக வேண்டும்.

நிறுத்துவது என்று முடிவானாலும் டாக்டர் அளவைப் படிப்படியாகத்தான் இறக்குவார். நிறுத்தியபின் சில வாரங்களில் அம்மா சட்டென்று தடுமாறினால் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள், மறுபடி ஆரம்பிக்கலாம். அடுத்த முறை போகும்போது இருமல் மருந்து உட்பட அம்மா சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.