முதல் மாதத்து மஸ்கட்

அன்புள்ள சார்,

வேலைக்காக மஸ்கட் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ஜூனில் வந்து இறங்கியிருக்கக் கூடாது. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே மூக்குக்கண்ணாடி பனித்துக் கண் தெரியவில்லை. பகலில் தெருவில் ஆளே இல்லை. வெள்ளைக் கட்டடங்கள், மொட்டைப் பாறைகள், கார்கள். ‘உயிரில்லாத ஊர்’ என்று டைரியில் எழுதிவைத்தேன். அறை நண்பர், “ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டு எழுது” என்கிறார். இப்போதே எழுதலாமா, காத்திருக்கவா?

கு., ரூவி

அன்புள்ள கு.,

இப்போதே எழுதுங்கள். ஒரு வருஷம் போனால் வெயில் அப்படியேதான் இருக்கும், உங்களுக்குத்தான் உறைக்காது.

குளியலறைக் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் அங்கே பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. மொட்டைமாடித் தொட்டியில் நாள் முழுக்கக் காய்ந்த தண்ணீர். பழையவர்கள் கீஸரை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறப்பார்கள். ஏசி ஓடும் வீட்டுக்குள் கீஸரில் தேங்கிய தண்ணீர் ஆறியிருக்கும் அல்லவா, அதில்தான் குளியல். நான் அங்கே இருந்தபோது இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அடுத்த கோடையில் கை தானாக அந்தக் குழாய்க்குப் போயிற்று. இதிலெல்லாம் எழுத என்ன இருக்கிறது என்றும் தோன்றிவிட்டது.

கண்ணாடி பனித்ததும் அப்படித்தான். கோடையில் அந்தக் கடலே 30 டிகிரிக்கு மேல் சுடுகிறது. அதன் ஈரமெல்லாம் காற்றில் நிற்க, ஏசியில் குளிர்ந்த கண்ணாடியோடு நீங்கள் வெளியே வருகிறீர்கள். ராத்திரியும் கைகொடுக்காது. ஊரைச் சுற்றியிருக்கும் கரும்பாறை பகலில் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்ததும் கக்க ஆரம்பிக்கும். 2018 ஜூனில், மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே குரியாத்தில், ஒரு நாள் முழுக்க வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. அன்றைய குறைந்தபட்சமே அதுதான்!

ஆனால் ‘உயிரில்லாத ஊர்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் உங்கள் உடம்பு கண்டது, இது மட்டும் தீர்ப்பு. அதுவும் ஊர் அடங்கிக் கிடக்கிற நேரத்தில் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 12:30 முதல் 3:30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கவே அங்கே சட்டத்தில் தடை இருக்கிறது. கடைக்காரர்கள் பலர் மதியம் மூடிவிட்டுச் சாயங்காலம்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் தெருவில் யாரைத் தேடினீர்கள்?

உங்களுக்கு முன்னால் இதே கரையில் வெந்தவர் ஒருவர் உண்டு. இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கும் ஹெராத்திலிருந்து ஷாருக் மன்னரின் தூதராகக் கோழிக்கோட்டுக்குப் புறப்பட்ட அப்துர் ரசாக் சமர்கந்தி. 1442இல் பருவக்காற்று தப்பிப்போய் மஸ்கட் பக்கம் மாட்டிக்கொண்டார். உறைக்குள் இருக்கும் வாள் மெழுகாய் உருகுகிற வெயில் என்று எழுதினார். பாரசீக மிகைதான், இருந்தாலும் அந்தப் பக்கம் இன்றைக்கும் சுடுகிறது. அதே மனிதர் கோழிக்கோட்டில் இறங்கியதும் அங்கிருந்தவர்களின் நிறத்தையும் உடையையும் பார்த்து முகம் சுளித்து எழுதியிருக்கிறார். அதில் எனக்குக் கோழிக்கோடு தெரியவில்லை, ஹெராத்துதான் தெரிகிறது.

1970 வரை பழைய மஸ்கட்டில் இருட்டிச் சில மணி நேரத்தில் கோட்டைக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதற்குமேல் நடமாடுகிறவர் கையில் லாந்தர் இருக்க வேண்டும். இன்றைக்குக் கோடையில் அங்கே ஜனங்கள் வெளியே வருவதே இருட்டிய பிறகுதான். வெள்ளி உங்களுக்கு விடுமுறையாக இருக்கும். வியாழன் ராத்திரி எட்டு மணிக்குமேல் மத்ரா கடற்கரைச் சாலைக்குப் போய், அப்படியே சூக் என்கிற சந்தைக்குள் நுழையுங்கள். சட்டை நனையும், போகட்டும். யார் யார் இருந்தார்கள், என்ன வாங்கினார்கள், எந்தெந்த மொழியில் பேரம் நடந்தது என்று எழுதி அனுப்புங்கள்.