லண்டன் சந்தையில் வாங்கிய எண்கோணப் பித்தளைப் பெட்டி

வணக்கம். அடியில் வரிசையாகக் கீற்றுத் துளைகள், மேலே ஒரு நெம்புகோல், இது பழைய பூட்டா என்று கேட்டிருந்தீர்கள். பூட்டு இல்லை. ஸ்காரிஃபிகேட்டர் என்ற, நோய் தீரும் என்று நம்பி இரத்தம் எடுக்கும் கருவி. 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் பையில் எடுத்துப் போனது.

நெம்புகோலை இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். தோலில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் பத்துப் பன்னிரண்டு கத்திகள் அரைவட்டமாகச் சுழன்று, கண்ணிமைக்கும் நேரத்தில் கீறிவிட்டு உள்ளே போய்விடும். மேலே உள்ள திருகு ஆழத்தைக் கூட்டிக் குறைக்க. அப்புறம் சூடாக்கிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கீறல்மேல் கவிழ்ப்பார்கள். அது ஆற ஆற இரத்தத்தை இழுக்கும்.

கத்திகளின் இடுக்கைச் சரியாகக் கழுவவே முடியாது. ஒருவரின் இரத்தம் அடுத்தவர் உடம்புக்குப் போயிருக்கும். 1867இல் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் தன் கிருமிநாசினி முறையை வெளியிடும் வரை பலரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நினைத்தாலே மனம் கனக்கிறது.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; செய்தவர் பெயர் பொறித்திருந்தால் மங்கிவிடும். மெல்லிய உலர்ந்த துணி போதும். ஸ்பிரிங்கை இறுக்கியபடி வைக்காதீர்கள். துளையில் விரல் வேண்டாம், அந்தக் கத்தி இன்னும் வெட்டும்.