நர்ஸுகளின் சிடுசிடுப்பு சிகிச்சையைப் பாதிக்குமா?

காரைக்குடியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, எதைக் கேட்டாலும் நர்ஸ் எரிந்து விழுந்தார், அது குணமா, வேலைப்பளுவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் பளுதான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை ஒரு நோயாகச் சொல்லவில்லை, வேலையிடத்தின் தீராத அழுத்தத்தால் வருவது என்றது. உடம்பும் மனசும் ஓய்ந்துபோகும், வேலைமேல் வெறுப்பு வரும், செய்வதில் பலனில்லை என்று தோன்றும். நீங்கள் பார்த்தது அநேகமாக அந்த வெறுப்பு. ஒரு நாள் தூங்கினால் தீரும் அசதி வேறு.

நம் பக்கம் இன்னொரு சுமையும் உண்டு. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, தேவகோட்டை, கானாடுகாத்தான் ஆச்சிகள் துணைக்கு ஆளில்லாமல் வந்து படுக்கிறார்கள். கஞ்சி கொடுக்க, பாத்ரூம் கூட்டிப்போக, வெளிநாட்டு போனுக்குப் பதில் சொல்ல, எல்லாவற்றுக்கும் டியூட்டி நர்ஸ்தான்.

சிகிச்சை நிச்சயம் பாதிக்கும். ஊசியில் ஏற்றிய இன்சுலின் அளவை இன்னொருவரும் பார்ப்பது நல்ல வழக்கம். நடுராத்திரி வார்டில் ஒருவரே இருந்தால் யார் பார்ப்பது? சோர்ந்த டாக்டரோ, நோயாளி சொல்லி முடிக்குமுன் சீட்டு எழுதிவிடுவார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மருத்துவமனைகளை வைத்து 2002இல் வந்த ஆய்வில், நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடக்கூட, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. நர்ஸின் பணிச்சோர்வுக்கான வாய்ப்பு 23 சதவீதம் கூடியிருந்தது.

யோகா வகுப்பால் இது தீராது, ஆள் போட வேண்டும். அதுவரை அம்மாவோடு ஒருவர் இருங்கள். மருந்தில் சந்தேகம் வந்தால், அவர் எரிந்து விழுந்தாலும் கேட்டுவிடுங்கள்.