முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய்: ஒரு தாதியின் பதில்கள்

கோலாலம்பூரில் புற்றுநோய்ப் பிரிவில் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (கிள்ளான்): அக்கா, அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். இரண்டு நாட்களாகக் கால்கள் தளர்ந்து தடுமாறுகிறார். அடுத்த புதன்கிழமைதான் கிளினிக் தவணை. காத்திருக்கலாமா?

கூடவே கூடாது தம்பி. உங்களுக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். புற்றுநோயாளிக்குக் கால் தளர்ந்தால், இடுப்பிலோ மார்பிலோ கச்சை கட்டி இறுக்கியதுபோல் வலித்தால், சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால், அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நடக்க முடியாவிட்டால் 999ஐ அழையுங்கள். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடத்தைக் கட்டி நசுக்குகிறது என்ற சந்தேகம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள்.

சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவரே பெரும்பாலும் பின்னரும் நடக்கிறார். கால் முற்றிலும் விழுந்த பிறகு மீட்பது மிகக் கடினம். 2005இல் வெளியான ஆய்வொன்றில், அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினர் சிகிச்சைக்குப் பின் நடந்தனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 விழுக்காட்டினர். ஓரிடத்தில் மட்டும் தண்டுவடம் நசுங்கி, கால் விழுந்து 48 மணி நேரத்தைத் தாண்டாதவர்களைத்தான் அதில் சேர்த்திருந்தார்கள். ஆகவே, எல்லோருக்கும் அறுவை என்று பொருளில்லை.

கேள்வி (செந்தூல்): அம்மாவின் மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. ஒரே வாரத்தில் நான்கு மருத்துவர்கள் வந்து ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

நால்வரும் வேண்டும் அம்மா, ஆனால் ஒரே மேசையில். தண்டுவடம் நசுங்குகிறதா? கட்டி கதிர்வீச்சுக்குக் கட்டுப்படும் வகையா? எலும்பு உடல் பாரத்தைத் தாங்குமா? அறுவையைத் தாங்க உடலில் தெம்பு இருக்கிறதா? இவற்றுக்கு ஒரே மருத்துவரிடம் விடை இருக்காது. எலும்பின் உறுதிக்கு 18 வரை மதிப்பெண் போடுவார்கள். 6 வரை உறுதி; 13உம் அதற்கு மேலும் என்றால் ஆட்டம் கண்டுவிட்டது; 7 ஆகிவிட்டாலே முதுகெலும்பு அறுவை நிபுணர் பார்த்தாக வேண்டும். கதிர்வீச்சு கட்டியைச் சுருக்கும், வலியைத் தணிக்கும். நொறுங்கிய எலும்பை நிமிர்த்தாது. அதற்குத் திருகாணியும் கம்பியும் வேண்டும். “அம்மாவின் படங்களை எல்லா நிபுணர்களும் சேர்ந்து பார்த்தார்களா, என்ன முடிவெடுத்தார்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): சிறுநீரகப் புற்றுநோய். அறுவைக்கு முதல் நாள் தொடை வழியாக ரத்தக்குழாயை அடைக்கப் போகிறார்களாம். எதற்கு?

சிறுநீரகத்திலிருந்து பரவும் கட்டிகளில் ரத்த ஓட்டம் மிக அதிகம். முன்கூட்டி அடைத்துவிட்டால் அறுவையின்போது ரத்தப்போக்கு குறையும்.

கேள்வி (காஜாங்): முதுகுவலிக்கு உருவிவிடலாமா?

வேண்டாம். அரித்துப்போன எலும்பு அழுத்தினால் நொறுங்கும். உருவிவிட்ட மறுநாளே காலை அசைக்க முடியாமல் வந்த ஒருவரின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது.

கேள்வி (கோம்பாக்): தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளையும் ஏறுவதாக வேண்டுதல். ஏறலாமா?

இயன்முறை மருத்துவரிடம் இதே கேள்வியை, படிகளின் எண்ணிக்கையோடு கேளுங்கள் ஐயா. எலும்பின் உறுதியைத் தெரிந்துகொண்டுதான் அவர் சொல்வார். காவடி மட்டும் வேண்டாம். பாரம் நேராக முதுகில் இறங்கும். அடிவாரத்தில் நின்று கும்பிட்டாலும் முருகன் ஏற்றுக்கொள்வான் என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி (பூச்சோங்): கணவரை வலி நிவாரணப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

இல்லை அம்மா. நான் மிகவும் வருந்துவது இந்தப் பயத்துக்காகத்தான். வலியால் தூங்காதவர் கதிர்வீச்சு மேசையில் அசையாமல் படுப்பது எப்படி? மற்றச் சிகிச்சைகள் நடக்கும்போதே அவர்களும் சேர்ந்து கவனிப்பார்கள். கோலாலம்பூர் வட்டாரத்தில் ஹாஸ்பிஸ் மலேசியா என்ற தொண்டு அமைப்பு வீட்டுக்கே வந்து கட்டணமின்றிக் கவனிக்கிறது. மார்ஃபின் தொடங்கினால், அன்றே மலச்சிக்கலுக்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.