மேற்குக் கனடாவில் எந்த ஊர்? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

வின்னிபெக்கில் மூன்று குளிர்காலம், கால்கரியில் ஆறு வருஷம், வான்கூவரை ஒட்டிய பர்னபியில் இரண்டு. இப்போது எட்மண்டன். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால், ஒவ்வொரு முறை பெட்டி கட்டும்போதும் வரவு செலவைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். குடியேற்றச் சட்டத்தில் சிக்கல் இருந்தால் உரிமம் உள்ள ஆலோசகரைப் பாருங்கள்.

அக்கா, நாங்கள் டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் பன்னிரண்டு வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். கால்கரியில் வீடு மலிவு என்று தெரிந்தவர்கள் எல்லாரும் போகினம். நாங்களும் வெளிக்கிடலாமா?

போகலாம் தம்பி. ஆனால் வீட்டு விலையை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள். கால்கரியும் எட்மண்டனும் இருக்கும் ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது. ஒன்டாரியோவில் 13 சதவீதம் கட்டுகிற இடத்தில் இங்கே 5 சதவீதம். வீடு வாங்கும்போது டொரொன்டோவில் மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று இரட்டை வரி கட்டுவீர்கள், இங்கே பதிவுக் கட்டணத்தோடு முடிந்துவிடும். இதெல்லாம் உண்மை.

இனி யாரும் சொல்லாத பக்கம். கார் காப்பீடு இங்கே தனியார் கையில் இருக்கிறது, நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று. அப்புறம் ஆலங்கட்டி மழை. 2020 ஜூன் 13-ம் தேதி வடகிழக்குக் கால்கரியில் பெய்தது. காப்பீட்டு நிறுவனங்கள் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்தன. நம் ஊர்க்காரர்கள் அதிகம் வீடு வாங்கும் பகுதி அதுதான். 2024 ஆகஸ்ட் 5-ல் மறுபடி, அதைவிடப் பெரிதாக. 2020-ல் எங்கள் தெருவில் வீடுகளின் வெளிச்சுவர்ப் பலகை முழுக்கச் சல்லடையாகி, உள்ளே இருக்கும் பஞ்சு தெரிந்தது. ஆகவே வீடு பார்க்கப் போனால் சமையலறைக் கல்லைத் தடவிப் பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்வி: கூரை எந்த வருஷம் மாற்றியது? காப்பீட்டில் ஆலங்கட்டிக்கு நாம் கையிலிருந்து போடவேண்டிய தொகை எவ்வளவு?

வெயிலுக்குக் குறைவில்லை. வருஷத்தில் 330 நாளுக்கு மேல் கொஞ்சமாவது அடிக்கும். ஆனால் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, காற்றில் ஈரமே கிடையாது. முதல் குளிர்காலத்தில் என் மகளுக்கு வாரம் ஒருமுறை மூக்கில் ரத்தம் வந்தது. படுக்கையறையில் ஈரப்பதக் கருவி வைத்த பிறகுதான் நின்றது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ‘சினூக்’ பற்றி விசாரித்துவிட்டு வாருங்கள். ராக்கி மலையிலிருந்து இறங்கும் வெப்பக்காற்று அது. காலையில் மைனஸ் 15, மதியம் பிளஸ் 5. தெருவெல்லாம் பனி உருகி ஓடும், தலை இரண்டாகப் பிளக்கும்.

ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஜூலையில் கால்கரிக்கு வந்து ஏமாறாதவர் கிடையாது.

சாஸ்கட்செவன் மாகாணம் குடியேற்றத்துக்குப் பரிந்துரைக்கும் திட்டத்தில் பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) வாங்கி வந்தேன். எட்டு மாதமாகிறது, சாஸ்கட்டூனில் என் துறையில் வேலை அமையவில்லை. வான்கூவருக்குப் போனால் பி.ஆர். பறிபோகுமா?

பி.ஆர். உள்ளவர் எந்த மாகாணத்திலும் வசிக்கலாம், வேலை பார்க்கலாம். அது கனடா உரிமைச் சாசனத்தின் 6-வது பிரிவு தரும் உரிமை. சிக்கல் வேறு இடத்தில். விமானத்தை விட்டு இறங்கும்போதே சாஸ்கட்செவனில் இருக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லையென்றால், பொய் சொல்லி வந்ததாகக் கேள்வி வரலாம். நீங்கள் எட்டு மாதம் உண்மையாகவே முயன்றிருக்கிறீர்கள். வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்கள், நேர்காணல் அழைப்புகள், வீட்டு வாடகை ரசீதுகள் எதையும் அழிக்காதீர்கள். ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

போவதற்கு முன் அதே மாகாணத்தின் தலைநகர் ரெஜைனாவையும் ஒரு தடவை பாருங்கள். சாஸ்கட்டூன் வாடகையில் பழகியவருக்கு வான்கூவர் வாடகை நெஞ்சை அடைக்கும்.

எட்மண்டன் குளிரைத் தாங்க முடியுமா மேடம்? நாங்கள் மதுரைக்காரர்கள்.

நான் கரூர். தாங்குகிறேன்.

வீட்டுக்குள் குளிராது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கஷ்டமெல்லாம் காரில்தான். இங்கே கார்களின் முன்பக்கத்தில் ஒரு மின்சார பிளக் வால் மாதிரித் தொங்கும். அதுதான் பிளாக் ஹீட்டர். மைனஸ் 20-க்குக் கீழே போனால் இரவே அதைச் செருகி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் வண்டி இருமிவிட்டு ஓய்ந்துவிடும். வாடகை வீடு பார்க்கும்போது கார் நிறுத்துமிடத்தில் மின் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வின்னிபெக்கிலும் இதே கதைதான், அங்கே காற்று கூடுதல்.

2024 ஜனவரி 13, சனிக்கிழமை மாலை. அந்த வாரம் எட்மண்டன் விமான நிலையத்தில் மைனஸ் 45-ஐத் தொட்டது. நான் தோசைக்கல்லைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்த எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறின: மாகாணத்தில் மின்சாரம் போதவில்லை, அவசியமில்லாததை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. சில நிமிஷத்தில் தேவை குறைந்து, மின்வெட்டு இல்லாமலே தப்பித்தோம். தோசை மாவு ஃப்ரிஜ்ஜுக்குத் திரும்பிவிட்டது.

குளிரைவிட இருட்டுதான் மனசை அமுக்கும். டிசம்பரில் பகல் ஏழரை மணி நேரம். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு.

வான்கூவரில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் கால்கரியில் வாங்குவதேதான். மாறலாமா?

அதே சம்பளத்துக்கா? நானாக இருந்தால் மாறமாட்டேன். பர்னபியில் நாங்கள் இரண்டு படுக்கையறைக்குக் கொடுத்த வாடகையில் எட்மண்டனில் பின்தோட்டத்தோடு வீட்டுக் கடன் கட்டுகிறோம்.

ஒரு விஷயம் சாதகம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாடகை ஏற்றத்துக்கு ஆண்டு வரம்பு உண்டு; 2025-ல் 3 சதவீதம். ஆல்பர்ட்டாவில் வருஷத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம், ஆனால் எவ்வளவு என்பது வீட்டுக்காரர் இஷ்டம். இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது: வரம்பு அந்த வீட்டில் ஏற்கெனவே இருப்பவருக்கு மட்டும். காலி செய்து புதிதாகப் போனால் சந்தை விலை. அதனால்தான் அங்கே பழைய வாடகையைப் பிடித்துக்கொண்டு யாரும் நகர்வதில்லை.

மழையைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டர்தான், சென்னையில் இதைவிட அதிகம். ஆனால் சென்னை மழை கொட்டிவிட்டுப் போய்விடும். இது நவம்பரில் தொடங்கினால் மார்ச் வரை, அழுகிற குழந்தை மாதிரி விசும்பிக்கொண்டே இருக்கும். வான்கூவருக்குப் பக்கத்து ஊரான சர்ரேயில் பஞ்சாபிக் கடைகள் நிறைய. முருங்கைக்காய், கறிவேப்பிலை, பாகற்காய் எதற்கும் பஞ்சமில்லை. வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை என்றால் சர்ரே பாருங்கள். தினமும் நகர மையத்துக்குப் போக வேண்டுமென்றால் ஸ்கைட்ரெய்ன் (நகர ரயில்) நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் இடம் தேடுங்கள்.

மகனுக்கு ஆஸ்துமா. கெலோனாவில் வேலை வந்திருக்கிறது. காட்டுத்தீப் புகை பற்றிக் கேள்விப்பட்டுத் தயங்குகிறேன்.

தயங்குவது சரிதான். ஏரி, திராட்சைத் தோட்டம், அழகான ஊர், மறுக்கவில்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் மேற்குக் கெலோனாவில் தீ வீடுகள் வரை வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதி கோடையில் அவ்வளவு காய்கிறது. 2021 ஜூன் கடைசியில் லிட்டனில் 49.6 டிகிரி, மறுநாள் அந்த ஊரே எரிந்துபோனது. அது கெலோனாவிலிருந்து சில மணி நேரப் பயணம்தான்.

கால்கரிக்கும் எட்மண்டனுக்கும் புகை வராது என்று நினைக்காதீர்கள், வரும். ஒப்பிட்டால் வான்கூவர் தீவிலுள்ள விக்டோரியா தேவலை. கடல்காற்று இருக்கிறது, ஒலிம்பிக் மலைகளின் மறைவில் இருப்பதால் வான்கூவரில் பாதி மழைதான். வீடு விலை அதிகம், பெருநிலத்துக்கு வர ஃபெரியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், நீண்ட வார இறுதியில் வரிசையில் இன்னும் இரண்டு மணி நேரம். பையனுடைய மூச்சுக்கு அது கட்டுப்படியாகும் என்றால் விக்டோரியா.

எந்த ஊரானாலும் ஒரு அறையில் நல்ல காற்று வடிகட்டி வைத்து, புகை நாட்களில் அந்த அறையிலேயே தூங்க விடுங்கள்.

வின்னிபெக்கில் பதிவு பெற்ற செவிலியர் நான். வேறு மாகாணம் போனால் மறுபடி தேர்வா?

இல்லை. ஒரு மாகாணத்தில் பதிவு இருந்தால் இன்னொன்றில் பொதுவாக அந்தத் தேர்வை மறுபடி எழுதாமல் பதியலாம். விண்ணப்பக் கட்டணமும் காகித வேலையும் உண்டு. பதிவு கைக்கு வரும் வரை இப்போதைய வேலையை விடாதீர்கள்.

அம்மா அப்பாவும் எங்களோடு வருகிறார்கள். கோயில், தமிழ்ப் பேச்சு இருக்கும் ஊர் எது?

தமிழர் நிறைந்த ஸ்கார்பரோ மாதிரி இங்கே எந்த ஊரும் கிடையாது, அந்த எதிர்பார்ப்பை விட்டுவிட்டு வாருங்கள். எட்மண்டனில் மகா கணபதி கோயில் இருக்கிறது. என் மாமியாருக்கு வாரம் ஒருமுறை அங்கே போய் ஒரு மணி நேரம் தமிழில் ஊர்க்கதை பேசினால் போதும், மறு வாரம் வரை தாங்கும். கார் ஓட்டாத பெரியவர்கள் என்றால் கோயிலுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை வீடு பிடிப்பதற்கு முன் பாருங்கள். நாங்கள் பார்க்காமல் பிடித்து, ஒவ்வொரு வெள்ளியும் நான்தான் சாரதி.

டொரொன்டோவிலிருந்து எட்மண்டனுக்கு டிசம்பரில் காரிலேயே வரலாமா?

வேண்டாம். சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே பனிப்புயலில் சாலையை மூடிவிட்டால் அடுத்த ஊர் வரை ஒன்றுமே இருக்காது. மே மாதம் வாருங்கள். வேறு வழியில்லை என்றால் பனிக்கால டயர், கம்பளி, மண்வெட்டி, முழு டாங்க்.

வந்ததும் 90 நாளுக்குள் ஓட்டுநர் உரிமத்தை மாற்றுங்கள். ஆல்பர்ட்டா மருத்துவ அட்டை மூன்றாவது மாதம் முதல் தேதியில்தான் செல்லுபடியாகும், அதுவரை ஒன்டாரியோ அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். வேலைக்காக மாறினால், புது வீடு வேலையிடத்துக்கு 40 கிலோமீட்டராவது நெருக்கமாகிறது என்றால், சாமான் லாரிச் செலவை வருமான வரியில் கழிக்கலாம். ரசீதுகள் முக்கியம். அந்த லாரி எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. இட்லிப் பானையை உங்கள் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.