ராத்திரி ஓடும் ஓவர்க்ளாக் மத்தியானம் ஏன் விழுகிறது?

கேள்வி: அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில் கொடை (திருவிழா) வீடியோ எடிட்டிங்தான் முழு வேலை. ரைசன் 5 5600எக்ஸ், பி550 போர்டு, டிடிஆர்4 3600 ராம் 8 ஜிபி இரண்டு. வீடியோ பார்த்து ஓவர்க்ளாக் செய்தேன், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஏற்றினேன். ராமில் எக்ஸ்எம்பி (ராமை அதற்குச் சொன்ன முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) போட்டேன். ப்ராசஸரில் எல்லா கோரும் (உள்ளே கணக்குப் போடும் பகுதிகள்) 4.6 கிகாஹெர்ட்ஸில் நிற்கும்படி 1.4 வோல்ட் கொடுத்தேன். ராத்திரி ரெண்டர் (எடிட் செய்ததைக் கடைசி வீடியோவாக எடுப்பது) முடிந்துவிடுகிறது. மத்தியானம் போட்டால் பாதியில் ரீஸ்டார்ட், சில நாள் ப்ளூ ஸ்க்ரீன். கோளாறு ராமிலா, ப்ராசஸரிலா?

பதில்: தம்பி, ராத்திரி ஓடுகிறது, மத்தியானம் விழுகிறது என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. கூலர் என்பது ப்ராசஸரின் சூட்டை அறைக் காற்றில் கொண்டுபோய் விடும் சாமான், அவ்வளவுதான். அறை 10 டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். தென்காசியில் சாரல் அடிக்கும் ஆனி மாதம் பாஸான செட்டிங், சித்திரை வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே இருக்கும் மாடி அறையில் பாஸாகும் என்று சொல்லவே முடியாது. கொடை வேலை குவிவதும் அந்தச் சித்திரை, வைகாசியில்தான்.

உங்கள் 1.4 வோல்ட்தான் எனக்கு முதலில் உறுத்துகிறது. சிப் இழுக்கும் பவர் (வாட்) கிளாக்கோடு, அதாவது ஓடும் வேகத்தோடு, நேராக ஏறும்; வோல்ட்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். 1.2 வோல்ட்டை 1.4 ஆக்கினால், கிளாக்கைத் தொடாமலே சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். 5600எக்ஸின் உச்ச வரம்பு 95 டிகிரி. ஓவர்க்ளாக்கில் பிழை வர அதுவரை போக வேண்டியதும் இல்லை. இத்தனைக்கும் இந்தச் சிப், தேவைப்படும்போது ஒரு கோரைத் தானாகவே 4.6 வரை ஏற்றிக்கொள்ளும். எல்லா கோரையும் அங்கே பூட்டிவைத்து நீங்கள் மிச்சம் பிடிப்பது ரெண்டரில் கொஞ்ச நேரம்தான். அந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள் என்பேன்.

ராம் விஷயம் வேறு. எக்ஸ்எம்பி போடாவிட்டால் உங்கள் ராம் 2133, 2400 போன்ற அடி வேகத்திலேயே கிடக்கும். 2133-இல் ஒரு சேனலுக்கு நொடிக்கு 17 ஜிபி; 3600-இல் 28.8 ஜிபி. காசு கொடுத்து வாங்கிய வேகம், விடக் கூடாது. 3600 என்றால் உண்மைக் கிளாக் 1800 மெகாஹெர்ட்ஸ். ப்ராசஸருக்குள் பாகங்களை இணைக்கும் பாதையான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் அதே 1800-இல் ஒன்றுக்கு ஒன்றாக ஓடும். உங்கள் ரைசனுக்கு இதுதான் நல்ல இடம். ஆனாலும் ஏஎம்டி இந்தச் சிப்புக்குச் சொல்லும் அளவு 3200 வரைதான். 3600 என்பது ஓவர்க்ளாக் கணக்கு. அதனால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது.

சரி, கோளாறு எதில்? இரண்டையும் சேர்த்து ஏற்றியதால்தான் குழப்பம். பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் போர்டின் செட்டிங் பக்கம்) டீஃபால்ட்டுக்குப் போங்கள். பிறகு எக்ஸ்எம்பி மட்டும் போடுங்கள் (சில போர்டில் டிஓசிபி என்று இருக்கும்). ராம் இரண்டும் ப்ராசஸரில் இருந்து எண்ணினால் 2, 4-ஆம் ஸ்லாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி நான்கு பாஸ் (முழுச் சுற்று) ஓட்டுங்கள், அதையும் மத்தியானத்திலேயே. ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான். வந்தால் டைமிங்கை (ராம் ஒவ்வொரு வேலைக்கும் காத்திருக்கும் அளவு) தொடாமல் 3200-க்கு இறக்கித் திரும்ப ஓட்டுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் என் மேசைக்கு ஒரு மெஷின் வந்தது. கொடை வீடியோவில் சாமியாட்டம் வரும் இடத்தில் முகத்தின் மேல் பச்சைக் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. ரெண்டர் தப்பு என்று நினைத்தால், ஹார்ட் டிஸ்கில் இருந்த ஒரிஜினலே கெட்டிருந்தது. கேமரா கார்டிலிருந்து காப்பி ஆகும் ஒவ்வொரு பைட்டும் ராம் வழியாகத்தான் போகிறது. டைமிங்கை இறுக்கிய ராம், மெம்டெஸ்ட்டில் மூன்றாவது பாஸில் இரண்டே பிழை காட்டியது. மெஷின் ஒரு நாளும் ஹேங் ஆனதில்லையாம். கார்டை ஏற்கெனவே ஃபார்மட் அடித்துவிட்டார்கள். அந்த ராத்திரியை மறுபடி ஷூட் பண்ண முடியுமா?

ராம் தேறிவிட்டால் ப்ராசஸர் பக்கம் வாருங்கள். நடந்ததை எல்லாம் குறித்துவைக்கும் விண்டோஸ் ஈவன்ட் வியூவரைத் திறந்து, ரீஸ்டார்ட் ஆன நேரத்தில் டபிள்யூஹெச்இஏ-லாகர் (WHEA-Logger, ஹார்ட்வேர் பிழைப் பதிவு), எண் 18 என்று பதிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் கோர்தான் காரணம். ப்ளூ ஸ்க்ரீனில் மெமரி மேனேஜ்மென்ட் என்று வந்தால் முதல் சந்தேகம் ராம் மேல்.

வேகம் இன்னும் வேண்டுமென்றால் வோல்ட்டேஜை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். பயாஸில் ப்ராசஸர் வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் நெகட்டிவ் 10 வைத்துத் தொடங்கலாம். சூடு குறையக் குறையச் சிப் தானாகவே மேலே போகும். கூடவே வந்த சின்ன கூலரை மாற்றி ஒரு டவர் கூலர் போடுங்கள். நம்ம பக்கத்துக் காற்றுக்காலத்தில் ஃபில்டரில் புழுதி அப்பிக்கொள்ளும், மாதம் ஒருமுறை தட்டிவிடுங்கள். செட்டிங் மாற்றி மெஷின் ஆன் ஆகாவிட்டால் பயப்பட வேண்டாம். மெயின் ஸ்விட்சை அணைத்து, போர்டில் இருக்கும் காசு பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டினால் பழையபடி வந்துவிடும்.

அப்புறம், இந்த ஓவர்க்ளாக் போட்ட நாளிலிருந்து காப்பி செய்த ஃபூட்டேஜ் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கார்டு இன்னும் அழியாமல் இருந்தால், மெம்டெஸ்ட் தேறிய பிறகு திரும்பக் காப்பி எடுங்கள். அதுவரை எந்தக் கார்டையும் ஃபார்மட் அடிக்க வேண்டாம்.